சென்னை மண்ணை கதிரியக்கப் பரிசோதனைக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

எங்கள் மண்ணில் உள்ள இயற்கைக் கதிரியக்கத்தை அளந்த ஆய்வகத்திலிருந்து திருத்திய ரிப்போர்ட் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. முதலில் வந்ததில் தோரியத்துக்கு இரண்டு எண்கள் இருந்தன. தோரியம் சிதைந்து வரிசையாக உருவாகும் தனிமங்களின் காமா கதிர்களை வைத்துத்தான் அதைக் கணக்கிடுவார்கள்: ஆக்டினியம்-228-இன் 911 கே.இ.வி. பீக்கிலிருந்து (கே.இ.வி. கதிரின் ஆற்றல் அலகு, பீக் அந்த ஆற்றலில் பதிவாகும் கதிர்க் குவிப்பு) ஒன்று, தாலியம்-208-இன் 583 பீக்கிலிருந்து இன்னொன்று. இரண்டாவது எண் முதலாவதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கேட்டால், "மண்ணுன்னா அப்படித்தான் சார், சராசரி எடுத்துக்கோங்க" என்று பதில்.

அப்படியெல்லாம் இல்லை. அதே வரிசையில் வரும் பிஸ்மத்-212 சிதையும்போது ஏறக்குறைய 36 சதவீதம்தான் தாலியம் வழியாகப் போகும். நூறு சிதைவுக்கு எத்தனை கதிர் வரும் என்று சொல்லும் அட்டவணையில் 583-க்கு எதிரே உள்ள 85 சதவீதம், தாலியத்தின் சிதைவுக்கு உரியது. தோரியத்துக்குக் கணக்குப் போடும்போது 30.5 சதவீதம் என்று எடுக்க வேண்டும். 85-ஐ அப்படியே போட்டால் விடை 2.8 மடங்கு குறைந்துவிடும். இதை எழுதிக் கொடுத்த பிறகு மறுபேச்சில்லாமல் திருத்தினார்கள். இரண்டு பீக்கின் எண்களையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். சராசரியை மட்டும் தந்தால் இது கண்ணுக்கே படாது.

அடுத்த தலைவலி ரேடியம்-226. காமா கதிர்களை ஆற்றல்வாரியாகத் துல்லியமாகப் பிரித்துக் காட்டும் ஜெர்மானியம் டிடெக்டரில் அதை 352, 609 பீக்குகளை வைத்துத்தான் பார்ப்பார்கள். அவை ரேடானுக்குப் பின் வரும் ஈயம்-214, பிஸ்மத்-214 தருபவை. ரேடான் வாயு, மூடி கசிந்தால் ஓடிவிடும், ரேடியம் குறைவாகக் காட்டும். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள் என்பதால், உள்ளே அது ரேடியத்துக்குச் சமமாகச் சேரும்வரை, டப்பாவை அடைத்து நான்கு வாரம் வைத்திருந்துதான் கதிர்களை எண்ண வேண்டும். எங்கள் மாதிரிகளை வந்த வாரத்திலேயே எண்ணிவிட்டு, "கியூ அதிகம்" என்றார்கள். அடைத்த தேதி, எண்ணிய தேதி இரண்டும் ரிப்போர்ட்டில் இல்லையென்றால் ரேடியம் எண்ணை நம்பாதீர்கள். ரேடியத்தின் சொந்த 186 பீக்கை வைத்துச் சமாளிக்கவும் முடியாது, யுரேனியம்-235-உம் அதே இடத்தில்தான் விழுகிறது.

அடைப்பதற்கு சிலிக்கோன் பசை வேண்டாம், ரேடான் அதன் வழியே எளிதாகக் கசியும். மெல்லிய பாலிதீன் பையும் டேப்பும் வேண்டாம். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் விளிம்பு வரை மண்ணை நிரப்பி, மூடியைச் சுற்றி எபாக்சி பசை போடுங்கள். மேலே காலி இடம் விட்டால் ரேடான் அங்கே போய்த் தேங்கி, அளவீட்டின் வடிவமே மாறிவிடும்.

மண் எடுப்பதில்தான் நகரத்துக்கே உரிய சிக்கல். பூங்கா மண் பெரும்பாலும் லாரியில் வந்த செம்மண்; அடியில் கட்டட இடிபாடு, எம்-சாண்ட், கருங்கல் சில்லு. வேறு ஊர் மண்ணை அளந்துவிட்டு "சென்னை மண்" என்று எழுதக் கூடாது. முதலில் ஓரத்தில் ஒரு குழி தோண்டி அடுக்குகளைப் பாருங்கள். சுவரை விட்டுத் தள்ளி, ஒரே சதுரத்தில் நான்கு மூலையும் நடுவும், 15 செ.மீ. ஆழம் வரை எடுத்துக் கலந்து, நான்கு பங்காகப் பிரித்துக் குறைத்து, ஒரு கிலோவுக்குக் குறையாமல் கொண்டுபோங்கள். 105–110 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, 2 மி.மீ. சல்லடை. மழைக்கால மண்ணை ஈரத்தோடு எடைபோட்டால் எல்லா எண்ணும் குறையும்.

மண் எடுக்க அனுமதி கேட்கும் கடிதத்தில் "கதிரியக்க ஆய்வு" என்று மட்டும் எழுதினால் எழுத்தர் மிரண்டு போவார். "மண்ணில் இயற்கையாக உள்ளதை அளக்கிறோம், எந்தக் கதிரியக்கப் பொருளும் கொண்டுவரவில்லை" என்று முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

ஆற்றலைப் பிரித்துக் காட்டும் திறன் குறைந்த சோடியம் அயோடைடு டிடெக்டர் மட்டுமே இருக்கும் இடமென்றால் 583-உம் 609-உம் ஒன்றாகக் குழம்பிவிடும். ரேடியத்துக்கு 1764, தோரியத்துக்கு 2614 பீக்குகளைத்தான் கேட்க வேண்டும். காலி டப்பாவை அதே நேரம் வைத்து எண்ணிய பின்னணிக் கணக்கும் வேண்டும்.

இனி ஆபத்துக் கணக்கு. டோஸ் வீதம் (மண்ணுக்கு மேலே காற்றில் ஒரு மணி நேரத்தில் சேரும் கதிர்வீச்சு) = 0.462 × ரேடியம் + 0.604 × தோரியம் + 0.0417 × பொட்டாசியம்-40. உதாரணமாக மூன்றும் முறையே கிலோவுக்கு 20, 80, 500 பெக்கரல் (நொடிக்கு இத்தனை சிதைவு) என்றால் மணிக்கு 78 நானோ கிரே. முன்சொன்ன தவறால் தோரியத்தை 28.7 என்று போட்டால் 47-தான் வரும். உலக சராசரி 59-க்கு மேலே இருந்த மண் கீழே போய்விடும். 78-ஐ 8760, 0.2, 0.7 ஆகியவற்றால் பெருக்கினால் ஆண்டுக்கு 0.096 மில்லிசீவர்ட். 8760 ஓர் ஆண்டின் மணிகள், 0.7 கிரேயைச் சீவர்ட்டாக மாற்றும் எண், 0.2 என்பது வெளியில் இருக்கும் நேரப் பங்கு. இந்த 0.2-ஐ விட்டுவிட்டு ஐந்து மடங்கு பயமுறுத்தும் ரிப்போர்ட்டுகள் உண்டு.

புற்றுநோய் ஆபத்து என்று கடைசியில் ஒரு வரி வரும்: ஆண்டு டோஸ் (சீவர்ட்டில்) × 70 ஆண்டு × 0.05 (ஒரு சீவர்ட்டுக்கான ஆபத்து விகிதம்). இதே உதாரணத்துக்கு 0.34 × 10⁻³. பக்கத்திலேயே "0.29 வரம்பைத் தாண்டுகிறது" என்று இருக்கும். 0.29 (அதுவும் 10⁻³ கணக்கில்) சராசரியாகக் காட்டப்படும் எண், வரம்பே அல்ல. ரேடியம், தோரியம், பொட்டாசியம் மூன்றையும் ஒரே எண்ணாகச் சேர்க்கும் ரேடியம் சமானத்துக்குச் சொல்லும் 370 பெக்கரலும் கட்டுமானப் பொருளுக்காக வந்த அளவுகோல். கேரளத்தின் கருநாகப்பள்ளியில், தோரியம் நிறைந்த மோனசைட் மணல் மேலேயே வாழும் மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2009-இல் வெளியான ஆய்வில், புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இயற்கைக் கதிர்வீச்சின் உலக சராசரியாக நெடுநாள் சொல்லப்பட்டுவந்தது ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், அதில் ஏறக்குறைய பாதி, பெரும்பாலும் வீட்டுக்குள் சுவாசிக்கும் ரேடான் தருவது. மண் ரிப்போர்ட் அதைத் தொடுவதே இல்லை. அதற்கு வீட்டுக்குள் தனி டிடெக்டர் மாட்டிப் பார்க்க வேண்டும்.

அடைத்த டப்பாக்களைத் தூக்கி எறிய விடாதீர்கள், ஸ்பெக்ட்ரம் கோப்பையும் (பீக்குகள் எல்லாம் இருக்கும் மூலப் பதிவு) பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணில் சந்தேகம் வந்தால் வேறு ஆய்வகத்தில் அதே டப்பாவை வைத்துப் பார்க்கலாம்.