ஆய்வேடுகளைச் சுருளில் ஏற்றிய அனுபவம்

நூலகத்தில் இருந்த பழைய ஆய்வேடுகளை மைக்ரோஃபிலிமில், அதாவது பக்கங்களை மிகச் சிறிதாக்கிப் படம்பிடிக்கும் ஃபிலிம் சுருளில், ஏற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. "இந்தக் காலத்தில் ஃபிலிமா?" என்று கேட்காதவர் இல்லை. இது 1938இல் யூஜின் பவர் தொடங்கிய யுனிவர்சிட்டி மைக்ரோஃபில்ம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் கையாண்ட முறைதான். ஒரு விளக்கும் உருப்பெருக்கியும் இருந்தால் படிக்கலாம், மென்பொருள் வேண்டாம். எனக்கு அந்தக் காரணம் போதும்.

படம் எடுப்பதை வெளியாள் பார்த்துக்கொண்டார். பாடுபட்டதெல்லாம் அதற்கு முன்புதான். தட்டச்சுக் காலத்து ஆய்வேடுகளில் பல கார்பன் பிரதிகள். தாள் மெலிந்து, அடுத்த பக்கத்து வரிகள் ஊடே தெரியும். தாளுக்குத் தாள் பின்னால் வெள்ளை அட்டை செருகினோம். 87ஆம் பக்கத்துக்குப் பிறகு 87அ வரும்; மடித்து வைத்த வரைபடத்தை யாரோ கிழித்துப் போயிருப்பார்கள். அப்படிப்பட்ட இடங்களில் 'இப்பக்கம் மூலத்தில் இல்லை' என்ற அட்டையையும் சேர்த்துப் படம்பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் எடுத்தவர் தலையில்தான் பழி விழும்.

பைண்டிங்கைப் பிரிப்பதா என்பதில் பெரிய வாக்குவாதம். இறுக்கித் தைத்தவற்றில் உள்ளோர எழுத்துகள் வளைவுக்குள் மறைந்துவிடும். இன்னொரு பிரதி இருந்தவற்றை மட்டும் பிரித்தோம். வண்ண வரைபடங்கள்தான் தோல்வி. கறுப்பு வெள்ளைச் சுருளில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். அவற்றைத் தனியாக ஸ்கேன் செய்து, சுருளில் அதற்கொரு குறிப்பு வைத்தோம்.

பாலியெஸ்டர் அடித்தளத்தில் வெள்ளிப் படலம் உள்ள சுருள் 500 ஆண்டு தாங்கும் என்பார்கள். நன்றாகக் கழுவியிருக்க வேண்டும், குளிர்ச்சியும் வறட்சியுமான அறை வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் அந்தக் கணக்கு. படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் கரைசலில் உள்ள தயோசல்ஃபேட் சுருளில் மிஞ்சினால் காலப்போக்கில் படம் மங்கும். அதனால் அந்த மிச்சத்தை அளக்கும் மெத்திலீன் புளூ சோதனையின் அறிக்கை இல்லாமல் ஒரு சுருளையும் ஏற்கமாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதவைத்தேன். முதல் நெகட்டிவ் வேறு கட்டடத்துக்குப் போயிற்று. அதிலிருந்து எடுத்த நகலை வைத்துப் படிப்பதற்கான பிரதிகள் போட்டோம்.

இதற்கிடையே பழைய அலமாரியில் வினிகர் வாடை. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கை அடித்தளமாகக் கொண்ட பழைய சுருள்கள் சிதையத் தொடங்கியிருந்தன. அந்த ஆவி பக்கத்துச் சுருள்களையும் கெடுக்கும் என்பதால் உடனே வேறு அறைக்கு மாற்றினோம். அடுத்து நகலெடுக்க வேண்டியவை அவைதான். பணத்துக்கு மனு போட்டிருக்கிறேன்.