துகள் மின்னுனா மட்டும் போதாதுங்க

ஒளிரும் நானோ துகள் வச்சு ரத்தத்துல புரோட்டீன் கண்டுபிடிக்கறத பத்தி யார் எழுதினாலும் அது எவ்ளோ பிரைட்டா மின்னுதுங்கறதுல தான் ஆரம்பிக்கறாங்க, ஆனா என்னைக் கேட்டா சுத்தி எவ்ளோ இருட்டா இருக்குங்கறது தான் அந்த டெஸ்ட்டோட உயிரே.

ட்ரோபோனினையே எடுத்துக்கோங்க. ஹார்ட் அட்டாக்ல இதயத் தசை சேதமாகும்போது ரத்தத்துக்குள்ள கசியுற புரோட்டீன் அது. லிட்டருக்கு சில பத்து நானோகிராம் இருந்தாலே டாக்டர் உஷாராகணும், ஆனா அதே ஒரு லிட்டர் சீரத்துல, அதாவது ரத்தம் உறைஞ்சப்புறம் பிரியுற தெளிஞ்ச திரவத்துல, மத்த புரோட்டீன் எல்லாம் சேத்து 60-லேர்ந்து 80 கிராம் வரைக்கும் இருக்கு! டெஸ்ட் பண்ற பிளாஸ்டிக் பிளேட்ல இருக்கற ஒரு ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு பொருள மட்டும் தேடிப் புடிக்கற புரோட்டீன்) ட்ரோபோனின புடிச்சுக்கும், நானோ துகள் மேல இருக்கற இன்னொரு ஆன்டிபாடி அதே ட்ரோபோனின்ல வேற எடத்துல வந்து ஒட்டிக்கும், அப்புறம் கழுவிட்டு லைட் அடிச்சா மிச்சம் நிக்கற துகள் ஒளிரும்.

துகள்ல குவாண்டம் டாட்ங்கற, சைஸுக்கு ஏத்த மாதிரி நிறம் மாறுற குட்டி செமிகண்டக்டர் துகள் தான் ஃபேமஸ், 2023 கெமிஸ்ட்ரி நோபல் அதுக்குத்தான். காட்மியம் செலினைடு துகள் 2 நானோமீட்டர் சைஸ்ல நீலமா, 6 கிட்ட போனா சிவப்பா ஒளிரும், சாதா டை மாதிரி சீக்கிரம் மங்காது.

சிக்கல் என்னன்னா சீரமும் பிளேட்டோட பிளாஸ்டிக்கும் கூட லைட் பட்டா லேசா ஒளிரும். இங்கதான் யூரோப்பியம்ங்கற அருமண் உலோகம் இருக்கற துகள் எனக்கு ரொம்ப புடிக்கும். 340 நானோமீட்டர் அலைநீள புற ஊதா ஒளி அடிச்சா 615-ல சிவப்பு குடுக்கும், அதுவும் நூத்துக்கணக்கான மைக்ரோசெகண்ட் வரைக்கும் நின்னு ஒளிரும். மத்த வெளிச்சம் எல்லாம் நானோசெகண்ட் கணக்குல அணைஞ்சுடும், அதனால லைட்ட நிறுத்திட்டு கொஞ்சம் பொறுத்து டிடெக்டர திறந்தா போதும், கூட்டத்துல எல்லாரும் பேசி ஓயுற வரைக்கும் காத்திருந்து அப்புறம் வாயத் திறக்கற ஆள் மாதிரி யூரோப்பியம் மட்டும் தெளிவா கேக்கும்.

ஆனா ட்ரோபோனினே இல்லாத எடத்துல துகள் சும்மா போய் ஒட்டிக்கிட்டா எவ்ளோ காத்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா அதுவும் அதே யூரோப்பியம் வெளிச்சம் தான். அதுக்குத்தான் ஆல்புமின்ங்கற புரோட்டீன், பாலிஎத்திலீன் கிளைக்கால்ங்கற பாலிமர்னு பூசி மேற்பரப்ப மூடுறாங்க, இந்த வேலைக்கு கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கறதே இல்லைங்கறது என் ஆதங்கம். புது துகள் பத்தி பேப்பர் வந்தா நான் முதல்ல தேடுறது, ட்ரோபோனின் இல்லாத சாம்பிள்ல எவ்ளோ ரீடிங் வந்துச்சுங்கறதத்தான், அதுவும் லேப்ல கலக்கற சுத்தமான பஃபர் கரைசல்ல இல்ல, நிஜ மனுஷங்களோட சீரத்துல.