சுங்கை சிப்புட், மலேசியா, ஆடி 2024

ஜூலை 4, வியாழன்

மாதவிலக்கு நிற்காமல் இன்று பதினோராவது நாள். கர்ப்பப்பையில் மூன்று கட்டி, ஃபைப்ராய்டு என்பார்கள்.

ஜூலை 5, வெள்ளி

எச்பி, அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின், 7.4. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். மிஸ்ஸி, கிளினிக் நர்ஸ், தாளைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "படி ஏறினா மூச்சு வாங்குதா?" நான் லாரிகளை எடை போடும் எடைமேடை அறைக்கு ஆறே படிதான். நடுவில் ஒரு தடவை நின்றுதான் ஏறுகிறேன். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு போடக்கூடாதாம், ஆரஞ்சுச் சாறோடு போட்டால் நன்றாகச் சேருமாம். இத்தனை மாதமாகத் தேநீரோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8, திங்கள்

நாற்காலியில் கறுப்புத் துணி விரித்திருக்கிறேன், நான்கு மடிப்பு. லாரிக்காரர்கள் சன்னல் வழியாகத்தான் சீட்டு வாங்குவார்கள், அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் எழும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறேன்.

இன்று 41 லாரி. செம்பனைக் குலையோடு உள்ளே வரும்போது ஓர் எடை, கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை. கழித்தால் கணக்கு வந்துவிடும். இந்த இரண்டு வருஷத்தில் என் உடம்பை விட்டு எவ்வளவு போயிருக்கும் என்று கழித்துச் சொல்ல எந்த மேடையும் இல்லை.

ஜூலை 11, வியாழன்

அம்மா போன் செய்தார். அதே பேச்சு. "எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரும்மா. ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு?" அண்ணியும் இதையேதான் சொல்கிறார். அத்தையும்.

அம்மாவுக்கு 38 வயதில் எடுத்தார்கள். ரத்தம் நிற்காமல் ரப்பர் பால்வெட்டுக்குப் போய், ஒருநாள் மர நிரையிலேயே விழுந்துவிட்டார். லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு தாளை நீட்டினார்கள், அம்மா கைநாட்டு வைத்தார். "வயித்துல கட்டி, எடுத்தாச்சு" என்று மட்டும் சொன்னார்கள். கர்ப்பப்பையே போய்விட்டது என்பதைத் தோட்டத்து மருந்தக டிரசர்தான் இரண்டு மாதம் கழித்துச் சொன்னாராம். ஆத்தங்கரையில் என்னைக் குளிப்பாட்டும்போது அம்மாவின் தழும்பைப் பார்த்திருக்கிறேன். மரத்தில் வெட்டுக்கோடு சாய்வாக இறங்கும். அம்மா வயிற்றில் அது நேராக, தொப்புளுக்குக் கீழே.

எடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. எடுத்துவிட்டால் இந்தக் கட்டி திரும்ப வரவே வராது, அது பெரிய நிம்மதிதான். சில பேருக்கு அதுதான் சரியான வழியும்கூட. ஆனால் என்னைக் கேட்க வேண்டும். வேறு என்னென்ன வழி இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். நான் முதலில் போன இடத்தில் ஐந்து நிமிடத்தில் "ஆபரேஷனுக்குத் தேதி போடலாமா?" என்றார்கள். வேறு வழி உண்டா என்று நானாகக் கேட்ட பிறகுதான் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார்கள். கேட்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

ஜூலை 19, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. தோட்டத்து மாரியம்மனுக்குக் கூழ். நான் போகவில்லை. போன ஆடியிலும் போகவில்லை. உறுமி மேளம் சமையலறை வரைக்கும் கேட்டது. பாப்பா தூக்கில் கூழ் வாங்கி வந்து, பேசாமல் என் முன்னால் வைத்தாள். நின்றுகொண்டே குடித்தேன். அழுதேன்.

ஜூலை 23, செவ்வாய்

கோலாலம்பூர் போய் வந்தேன். இன்று பார்த்தவர் கத்தி எடுக்கும் டாக்டர் இல்லை, எக்ஸ்ரே பக்கத்து டாக்டர். கடித உறையின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். கர்ப்பப்பைக்கு இடமும் வலமுமாக இரண்டு ரத்தக்குழாய். கட்டி மூன்றும் அந்த இரண்டிலிருந்துதான் குடிக்கின்றன. தொடை இடுக்கில் சின்னத் துளை போட்டு, நூடுல்ஸ் போன்ற மெல்லிய குழாயை அங்கே வரை செலுத்தி, பொடி மணிகளை விடுவார்கள். ரத்தம் அடைபட்டுக் கட்டி பட்டினியில் சுருங்கும். கர்ப்பப்பைக்கு வேறு சிறு குழாய்களும் ரத்தம் கொடுப்பதால் அது பிழைத்துக்கொள்ளும். சில மாதங்களில் கட்டி ஏறக்குறைய பாதியாகலாம். ரத்தப்போக்கு பத்தில் எட்டு ஒன்பது பேருக்குக் குறைகிறது.

பாரிஸில் ஜாக் ரவீனா என்ற டாக்டர் 1995-இல் இதைப் பற்றி எழுதினாராம். ஆபரேஷனில் ரத்தம் அதிகம் போகாமலிருக்க முன்கூட்டியே குழாயை அடைத்து வைத்திருக்கிறார்கள். காத்திருந்த பெண்களில் பலருக்குப் போக்கு நின்றுபோய், ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்தப் பெண்களைத்தான் ரயிலில் திரும்பி வரும்போது முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 24, புதன்

மணியின் அளவு அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் வரைக்கும் என்றார். உப்புமாவுக்கு ரவை வறுக்கும்போது ஒரு மணியை விரல் நுனியில் ஒட்டிப் பார்த்தேன். இவ்வளவுதான். இதுவா ஒன்பது சென்டிமீட்டர் கட்டியைச் சாய்க்கப் போகிறது? ரவை கருகிவிட்டது.

ஜூலை 26, வெள்ளி

இரண்டாவது வெள்ளி. போகவில்லை.

ஒலி அலையாலேயே கட்டியைச் சுடும் முறை ஒன்றும் இருக்கிறது, எம்ஆர்ஐ பெட்டிக்குள் குப்புறப் படுக்க வைத்துச் செய்வது. அமெரிக்காவில் 2004-இலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். துளைகூடக் கிடையாது. அந்த எக்ஸ்ரே டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். எனக்குக் கட்டிக்கு முன்னால் குடல் படிந்திருக்கிறது, சூடு அதில் பட்டுவிடும், ஆகாது என்றார். ஏன் ஆகாது என்று படத்தில் விரல் வைத்துக் காட்டினார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

ஜூலை 30, செவ்வாய்

தூக்கமில்லை. மணி சினைப்பைப் பக்கம் போய்விட்டால் மாதவிலக்கு சீக்கிரமே நின்றுவிடலாம், 45-க்கு மேல் அந்த வாய்ப்பு கூடுதல். எனக்கு 44. இன்னும் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்குப் பெரும்பாலும் இதைச் சொல்லமாட்டார்களாம், கட்டியை மட்டும் வெட்டி எடுப்பார்கள். எனக்குப் பிள்ளை வேண்டாம். பிறகு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று வீட்டுக்காரர் கேட்டார். கோபமாக இல்லை, தெரியாமல்தான் கேட்டார். "என்னோடதுங்க" என்றேன். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தேதி வந்துவிட்டது. 14.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அம்மா கூட வருகிறார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ரயிலில் என் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: "எனக்கும் அப்போ இது இருந்திருக்குமா?" அந்தக் காலத்தில் இது இல்லை அம்மா என்றேன். அது உண்மைதான். அம்மா தலையாட்டிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

முடிந்தது. கை நடுங்குகிறது, முடிந்த வரை எழுதுகிறேன்.

முழு மயக்கம் இல்லை, அரைத் தூக்கம்தான். எல்லாரும் ஈய அங்கி போட்டிருந்தார்கள். சாயம் விட்டதும் இடுப்புக்குள் வெந்நீர் ஓடியது. திரையில் கறுப்பாகக் குழாய் தெரிந்தது. முறுக்குப் பிழிந்தாற்போலச் சுற்றிச் சுற்றி, நுனியில் கிளை கிளையாக. இதுதான் கட்டிக்குப் போகிறது என்றார் டாக்டர். கொஞ்ச நேரம் கழித்துக் கிளைகள் ஒவ்வொன்றாக மறைந்தன, அடிமரம் மட்டும் நின்றது. முதலில் இடம், அப்புறம் வலம். தையல்கூட இல்லை, ஒரு பிளாஸ்திரிதான்.

பிறகு வந்தது வலி. சொல்லியிருந்தார்கள், ஆனாலும் இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. பிரசவ வலிக்காவது இடைவெளி உண்டு. ஆறு மணி நேரம் காலை மடக்கக்கூடாது. மார்ஃபின் என்ற வலி மருந்துக்கான பொத்தானைக் கையில் கொடுத்திருந்தார்கள், அழுத்தினால் மருந்து இறங்கும். அழுத்தத் தயங்கினேன். அம்மா என் விரலைப் பிடித்து அழுத்தினார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வாந்தி. கடைசி ஆடி வெள்ளி.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வீடு. 37.8. பட்டினி கிடக்கும் கட்டியால் முதல் வாரம் காய்ச்சல் வருவது வழக்கம்தானாம். 38-ஐத் தாண்டி நாற்றத்தோடு ஏதாவது போனால் உடனே ஓடி வர வேண்டும், தொற்றாக இருக்கலாம். மணிக்கொரு தடவை பார்க்கிறேன். 37.6. 37.9. 37.7.

ஆகஸ்ட் 21, புதன்

37.2. இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

செப்டம்பர் 2, திங்கள்

எம்சி, மருத்துவ விடுப்பு, முடிந்து வேலைக்குப் போனேன். கறுப்புத் துணி நாற்காலியிலேயே இருந்தது. அங்கேயே விட்டுவிட்டேன். ஆறு படியும் நிற்காமல் ஏறினேன். இரும்பு மாத்திரையால்தான் இருக்கும், இவ்வளவு சீக்கிரம் வேறொன்றும் தெரியாது. இருந்தாலும் ஏறினேன்.

செப்டம்பர் 9, திங்கள்

அம்மா இப்போதெல்லாம் "எடு" என்று சொல்வதில்லை. "சாப்டியா?" என்கிறார். பக்கத்து லயத்துப் பெண்ணுக்கும் கட்டியாம். "அங்க வேற வழி இருக்கான்னு கேக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

செப்டம்பர் 13, வெள்ளி

வந்துவிட்டது. காலை பத்து மணிக்கு. பைக்குள் எட்டு பேட்.

செப்டம்பர் 14, சனி

இரண்டாம் நாள்தான் எப்போதும் மோசம். மதியம் வரை மூன்று. போன மாதங்களில் இந்நேரம் ஏழு. துணியைத் தூக்கிப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது. இன்னும் மாலை இருக்கிறது, இரவு இருக்கிறது. லாரி வந்துவிட்டது, அப்புறம் எழுதுகிறேன்.