மூலக்கூறு வரையும் மென்பொருள்: பிணைப்புகள் வந்துவிட்டன

புரதங்களை முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்க நானே எழுதிவரும் மென்பொருள், இப்போது பிணைப்புகளையும் வரைகிறது. சோதனைக்கு எடுத்தது கிராம்பின் என்ற புரதம். 46 அமினோ அமிலம், 327 அணு; சின்னது என்பதால் எங்கே பிசகினாலும் கண்ணிலேயே பட்டுவிடும்.

புரதத்தின் அணுக்களையும் அவை இருக்கும் இடங்களையும் வரிவரியாகத் தருவது பிடிபி கோப்பு. அதன் வரிகளை இடைவெளி பார்த்துப் பிரிக்கவே கூடாது, எத்தனையாவது எழுத்திடம் என்று எண்ணித்தான் வெட்ட வேண்டும். அணுவின் பெயர் 13 முதல் 16 வரை, ஆயத்தொலைவுகள் 31 முதல் 54 வரை, எட்டெட்டு இடமாக. 'சிஏ' (CA) என்ற பெயர் 14-வது இடத்தில் தொடங்கினால் ஆல்ஃபா கார்பன் (அமினோ அமிலத்தின் நடுக் கார்பன்), 13-ல் தொடங்கினால் கால்சியம். ஒரு வெற்றிடம் நகர்ந்தால் தனிமமே மாறிவிடுகிறது!

இனி பிணைப்பு. அமினோ அமிலங்களுக்குள் எது எதோடு சேர்கிறது என்று கோப்பு சொல்வதில்லை, தூரத்தை வைத்து நாம்தான் ஊகிக்க வேண்டும். இரண்டு அணுக்களின் சகப்பிணைப்பு ஆரங்களை (பிணைப்பில் ஒவ்வோர் அணுவின் பங்காக வரும் நீளம்) கூட்டி, அதோடு 0.45 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்) தாராளம் கொடுத்தேன். தூரம் அதற்குள் வந்தால் கோடு. ஆரம் கார்பனுக்கு 0.76, நைட்ரஜனுக்கு 0.71, ஆக்சிஜனுக்கு 0.66, கந்தகத்துக்கு 1.05. ஒரே அணுவுக்கு இரண்டு மாற்று இடங்கள் தந்திருக்கும் கோப்புகளில், அந்த இரண்டுக்கும் நடுவே கோடு விழாமல் தடுக்கத் தனி விதி வேண்டும்.

327 அணுக்களுக்கு 53,301 ஜோடி, அது பரவாயில்லை. ஹீமோகுளோபினில் 4,000-க்கும் மேல் அணுக்கள். ஜோடிகள் கோடியை நெருங்கும். அதனால் வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, பக்கத்துக் கட்டங்களை மட்டும் தேடவைத்தேன்.

அணுக்களைக் காட்டும் கோளங்களுக்கு முக்கோண வலை கட்டவில்லை. அணுவுக்கு ஒரு சதுரம் அனுப்பி, பார்வைக் கதிர் கோளத்தை எங்கே தொடுகிறது என்று ஷேடரிலேயே (வரைகலைச் சில்லில் ஓடும் சிறு நிரல்) கணக்கிடுகிறேன். ஆழத்தையும் அங்கேயே திருத்தி எழுதினால்தான் இரண்டு கோளங்கள் வெட்டும் விளிம்பு சுத்தமாக வரும். எவ்வளவு பெரிதாக்கினாலும் வட்டம் வட்டமாகவே இருப்பது அவ்வளவு அழகு!

கிராம்பினில் மூன்று டைசல்பைடு பிணைப்புகள் (இரண்டு கந்தக அணுக்களுக்கு நடுவே வருபவை) உண்டு; அமினோ அமில வரிசை எண்படி 3–40, 4–32, 16–26. கோப்பில் இவற்றுக்கென்று தனி வரிகள் இருந்தும் என் நிரல் அவற்றைப் படிப்பதில்லை. ஆனாலும் மூன்றும் மஞ்சள் கோடுகளாகச் சரியான இடத்தில் விழுந்தன. ஊகம் எவ்வளவு நம்பகமானது என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது.

அடுத்தது ஹீமோகுளோபினின் இரும்பு. தூர விதி அதற்கும் நைட்ரஜனுக்கும் நடுவே முழுக்கோடு போட்டுவிடுகிறது. உலோகப் பிணைப்புகளைப் புள்ளிக்கோடாகப் பிரித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன். அப்புறம்தான் ரிப்பன், அதாவது புரதச் சங்கிலியை நாடா போலக் காட்டும் படம்.