தொலைந்து வந்த நாயும் சொல்லாமல் வைத்திருந்த அடையாளமும்

எங்கள் தெருவில் ஒரு நாய் தனியாக நின்றுகொண்டிருந்தது. தெருவில் தனியாகத் திரிகிற நாயெல்லாம் தொலைந்த நாய் கிடையாது, அதனால் யாராவது வளர்த்த நாய்தானா என்பதைத்தான் முதலில் பார்த்தேன். கழுத்தில் பெல்ட் இல்லை. ஆனால் பெல்ட் இருந்த இடத்தில் முடி வளையமாக அமுங்கியிருந்தது, நகங்கள் வெட்டப்பட்டிருந்தன, வண்டி வந்தால் ஒதுங்கவே தெரியவில்லை. தெருநாய்க்கு ஹாரன் சத்தம் அத்துப்படி, இது நடுரோட்டில் அப்படியே நின்று நடுங்கியது. சில நாட்களுக்கு முன் ஒரு இரவு நல்ல இடி, சத்தத்துக்கு மிரண்டு ஓடிவந்திருக்கும் என்று தோன்றியது.

பயந்த நாயைக் கூப்பிட்டுக்கொண்டே நேராகப் போனால் ஓடத்தான் செய்யும், துரத்தினால் கதை முடிந்தது. நான் கொஞ்ச தூரத்திலேயே பக்கவாட்டாகத் திரும்பிக் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, அதன் கண்ணைப் பார்க்காமல், தின்பண்டத்தைச் சிறு துண்டுகளாகப் போட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் வர ரொம்ப நேரமானது. உறுமியிருந்தாலோ வாயில் எச்சில் ஒழுகத் தள்ளாடியிருந்தாலோ தொட்டிருக்க மாட்டேன், விலங்கு மீட்பவர்களைத்தான் கூப்பிட்டிருப்பேன். கடியோ கீறலோ பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வளர்ப்பு நாய்தானே என்று இதில் மட்டும் சலுகை கிடையாது.

வீட்டில் எங்கள் நாய் இருப்பதால் இதைத் தனி அறையில் வைத்தோம், பாத்திரமும் தனி. தடுப்பூசி போட்டிருக்கிறார்களா, உண்ணி இருக்கிறதா, பார்வோ மாதிரி நாய்க்கு நாய் தொற்றுகிற வைரஸ் நோய் எதையாவது சுமந்து வந்திருக்கிறதா, ஒன்றும் தெரியாது. தண்ணீர் வைத்துவிட்டு, சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்தோம்.

அதற்குள் பார்க்க வந்தவர்கள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். "வளர்த்தவங்களே விட்டுட்டுப் போயிருப்பாங்க, எப்படி மெலிஞ்சு கிடக்கு பாருங்க, பேசாம நீங்களே வச்சுக்குங்க." எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கவே இல்லை. ஓடிப்போன நாய் சில நாள் வெளியில் கிடந்தாலே மெலியும், முடி சடை பிடிக்கும், ஆளைக் கண்டால் பதுங்கும். அதை வைத்துக்கொண்டு வளர்த்தவர் கொடுமைக்காரர் என்று முடிவு கட்ட முடியாது, அந்த வீட்டில் யாராவது சோறு இறங்காமல் தேடிக்கொண்டிருக்கலாம். தவிர, கண்டெடுத்ததாலேயே நாய் நம்முடையதாகிவிடாது, பல இடங்களில் உள்ளாட்சியிடமோ காப்பகத்திலோ தகவல் சொல்லிவிட்டுக் குறிப்பிட்ட நாட்கள் காத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நானும் காப்பகத்துக்குப் போன் செய்து நாயின் விவரத்தையும் என் எண்ணையும் பதிந்து வைத்தேன்.

அப்புறம் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனேன், மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்க. அரிசி அளவுதான் இருக்கும், தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். பேட்டரி கிடையாது, ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் எண்ணைச் சொல்லும், நாய் எங்கே போகிறது என்றெல்லாம் காட்டாது. முதல் தடவை ஸ்கேனர் சும்மா இருந்தது. மருத்துவர் விடவில்லை, சில சமயம் சிப் நகர்ந்து தோளுக்கோ காலுக்கோ இறங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டே இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்க்கிற மாதிரி கொண்டுபோனார், முன்னங்கால் பக்கம் பீப் என்றது. இப்போதைய சிப்கள் பெரும்பாலும் 134.2 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையில் பேசுகின்றன, பழைய 125 கிலோஹெர்ட்ஸ் சிப்பை எல்லா ஸ்கேனரும் படித்துவிடாது, அதனால் ஒரு இடத்தில் இல்லை என்று சொன்னால் இன்னொரு இடத்திலும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

15 இலக்க எண் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தோம். சிப்புக்குள் பேரோ முகவரியோ இருக்காது, எண் மட்டும்தான், வளர்ப்பவரின் விவரமெல்லாம் சிப் எண்களுக்கான பதிவேட்டில். பதிவேட்டில் இருந்த போன் எண் உபயோகத்தில் இல்லை, அதில் இருந்த பழைய முகவரியில் இப்போது வேறு யாரோ இருந்தார்கள். சிப் போடுவதற்குச் செலவு செய்கிறவர்கள் எண் மாறும்போது அதைச் சொல்ல ஏன் மறக்கிறார்களோ!

சரி, நோட்டீஸ்தான் வழி. வண்டியில் போகிறவர் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் "நாய் கிடைத்திருக்கிறது", கீழே முகம் தெரிகிற படம், கண்ட தேதி, என் எண், அவ்வளவுதான். அதையே வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டேன். ஆணா பெண்ணா என்று எழுதவில்லை, சிப் இருப்பதைச் சொல்லவில்லை, பின்னங்காலில் ஒரு நகம் மட்டும் வெள்ளையாக இருந்தது, படத்தில் கால் வராதபடி வெட்டிவிட்டேன். இதெல்லாம் அதிகப்படி என்று வீட்டில் சிரித்தார்கள். அன்று மாலையே ஒருவர் போன் செய்து "அது என் நாய்தான், எங்கே வந்து எடுத்துக்கணும்?" என்றார். ஆணா பெண்ணா என்று கேட்டதும் கொஞ்சம் இழுத்து, தம்பி வாங்கி வந்த நாய், எனக்குச் சரியாகத் தெரியாது என்றார். தம்பியைப் பேசச் சொல்லுங்கள் என்றேன், அதோடு சரி. விற்பதற்காக இப்படிக் கேட்டு வருகிறவர்கள் உண்டு.

உண்மையில் வழி காட்டியவர் பார்சல் கொண்டு வரும் பையன். எங்கள் வாசலில் நோட்டீஸைப் பார்த்ததும், "இதே நாயைக் காணோம்னு பின்னாடி ரோட்டுல ஒட்டியிருக்காங்களே" என்றான். போய்ப் பார்த்தால் அதே முகம். நடுவில் ஒரு பெரிய சாலை. நாய் அதைக் கடந்திருக்காது என்று அவர்கள் அந்தப் பக்கமே தேடிக்கொண்டிருந்தார்கள், நானும் இந்தப் பக்கத்தைத் தாண்டி ஒட்டவில்லை.

போனை எடுத்த அம்மாவிடமும் எல்லாவற்றையும் கேட்டேன், அவர் அழுதுகொண்டிருந்தாலும் கேட்டேன். இடி சத்தத்துக்கு ஓடியது, ஆண் நாய், எல்லாம் சரியாகச் சொன்னார். வெள்ளை நகம் மட்டும் அவருக்கு நினைவே இல்லை! தினமும் பார்க்கிறவர் கண்ணில் அதெல்லாம் படாது போலிருக்கிறது. குட்டியாக இருந்ததிலிருந்து எடுத்த படங்களை வரிசையாக அனுப்பினார், ஒன்றில் மல்லாந்து கிடக்கிறது, அந்த நகம் தெரிகிறது. தடுப்பூசிப் புத்தகத்தில் இருந்த சிப் எண்ணின் கடைசி இலக்கங்களும் ஒத்துப்போயின. நேரில் பார்த்து வால் ஆட்டுவதை மட்டும் நம்பியிருக்க முடியாது, சாப்பாடு போட்ட இரண்டாம் நாளே அது எனக்கும் அப்படித்தான் ஆட்டியது.

மருத்துவமனை வாசலில், நாலு பேர் இருக்கிற இடத்தில்தான் ஒப்படைத்தேன். பதிவேட்டில் புது எண்ணை அங்கேயே போனில் மாற்றவைத்தேன், அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டீஸ்களை அன்றே கிழித்துவிட்டோம். வாட்ஸ்அப்பில் போனதைத்தான் திரும்ப எடுக்க முடியவில்லை, யார் யாரோ அனுப்பி அனுப்பி இப்போதும் எப்போதாவது போன் வருகிறது, "அந்த நாய் இன்னும் இருக்கா?" என்று.