ஃபேன் ஃபிக்‌ஷனை யாரோ விற்கிறார்களா?

பிடித்த படைப்பின் கதாபாத்திரங்களை வைத்து நீங்கள் எழுதி இலவசமாகப் போட்ட கதை விலையோடு இணையக் கடையில் கிடந்தால், முதலில் விற்பவருக்கு மெசேஜ் போட்டுத் திட்டாதீர்கள். உஷாராகிப் பக்கத்தைத் தூக்கிவிட்டு வேறு பெயரில் கடை விரிப்பார். விலை, விற்பவர் பெயர், முழு லிங்க் மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் சேமியுங்கள்.

அடுத்து, திருட்டுப் பிரதியை நீக்கச் சொல்லித் தளத்துக்கு அனுப்பும் டிஎம்சிஏ நோட்டீஸ். டிஎம்சிஏ என்பது 1998-ல் வந்த அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம். அங்குள்ள தளங்களுக்கு எந்த நாட்டிலிருந்தும் அனுப்பலாம். அதில் இருக்க வேண்டியவை: உங்கள் கதையின் லிங்க், திருட்டுப் பிரதியின் லிங்க், தொடர்பு விவரம், அனுமதி தரவில்லை என நம்புவதாக ஒரு வரி, தகவல் சரியானது, உரிமையாளர் நான்தான் (இது பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன்) என்று ஒரு வரி, கையெழுத்து. கடையின் முகப்பு லிங்க் மட்டும் போதாது. ஒவ்வொரு பிரதிக்கும் தனி லிங்க் வேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: கதாபாத்திரங்களையும் சேர்த்து உரிமை கோருவார்கள். அவை மூலப் படைப்பாளருடையவை. நீங்கள் எழுதிய வாக்கியங்களை மட்டும் கோருங்கள்.

நோட்டீஸில் உள்ள உண்மைப் பெயர் விற்பவர் கைக்கே போகலாம். புனைபெயர்க்காரர்கள் தங்கள் சார்பில் அனுப்பும் முகவர் வழியாக அனுப்புவது நல்லது. தவறாக நீக்கிவிட்டார்கள் என்று விற்பவர் தளத்துக்கு எதிர் நோட்டீஸ் அனுப்பி, நீங்கள் வழக்குப் போடாவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களில் பக்கம் மறுபடி ஏறிவிடும்.