ஃபைப்ராய்டு: எத்தனை சென்டிமீட்டர் என்பதை விட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம்

கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி என்று ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாருடைய கண்ணும் முதலில் போவது கட்டியின் அளவுக்குத்தான். "32 × 28 மி.மீ." என்று பார்த்தவுடனே பயம் பிடித்துக்கொள்கிறது. அந்த எண்ணை விட அதற்குப் பக்கத்தில் இருக்கும் சொல்தான் நிறையச் சொல்லும். சப்மியூகோசல் என்று போட்டிருந்தால், கட்டி கர்ப்பப்பையின் உள்ளறைப் பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. இன்ட்ராமியூரல் என்றால் தசைச் சுவருக்குள் இருக்கிறது. சப்சீரோசல் என்றால் வெளிப்பக்கம். உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி மாதாமாதம் ரத்தத்தைக் கொட்ட வைக்கலாம். வெளிப்பக்கமாக வளர்ந்த ஆறு சென்டிமீட்டர் கட்டி, இருப்பதே தெரியாமல் பல வருடம் கிடக்கலாம்.

அதனால் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, "உள்ளறையைத் தொடுகிறதா, எவ்வளவு பங்கு உள்ளே இருக்கிறது?" என்பதுதான். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் இது தெளிவாகாவிட்டால் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனிலும், உள்ளறையில் சலைன் நீர் செலுத்தி எடுக்கும் ஸ்கேனிலும் நன்றாகத் தெரியும். கட்டிகள் பல இருந்து அறுவை சிகிச்சைக்குத் திட்டமிடும்போது எம்.ஆர்.ஐ. உதவும்.

ஃபைப்ராய்டு கர்ப்பப்பைத் தசையிலிருந்தே உருவாகும் கட்டி, புற்றுநோய் அல்ல. ஃபைப்ராய்டு என்று நினைத்தது புற்றுநோயாக இருப்பது மிக அரிது. ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் 2, 3 மி.மீ. கூடியிருந்தால் அதை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அளப்பவர் மாறினாலே அந்த வித்தியாசம் வரும். ஆனால் 3 செ.மீ. கட்டி 4 செ.மீ. ஆவது சின்ன விஷயம் இல்லை. விட்டம் ஒரு சென்டிமீட்டர்தான் கூடியிருக்கும், கன அளவோ இரண்டு மடங்குக்கும் மேல் ஆகியிருக்கும்.

"எனக்கு எப்பவுமே இப்படித்தான் அதிகமாகப் போகும்" என்று சொல்லியே பல பெண்கள் ரத்தசோகையில் போய் நிற்கிறார்கள். எவ்வளவு அதிகம் என்பதை எண்ணிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. லேசாகக் கறை பட்ட நாப்கினுக்கு 1 மதிப்பெண், ஓரளவு நனைந்ததற்கு 5, முழுவதும் ஊறியதற்கு 20. சின்ன ரத்தக்கட்டிக்கு 1, பெரியதற்கு 5. ஒரு மாதவிடாய் முழுக்கக் கூட்டினால் 100-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் போகும் ரத்தம் ஏறத்தாழ 80 மில்லிலிட்டருக்கு மேல், அது அதிக உதிரப்போக்கு. இரண்டு மாதக் கணக்கை எழுதிக்கொண்டு போனால், "நிறையப் போகுது டாக்டர்" என்று சொல்வதை விடப் பல மடங்கு பயன்படும்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு நிறுத்திவிடாதீர்கள், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தாலும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் அந்தச் சேமிப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, ஓயாத அசதி எல்லாம் அப்போதே தொடங்கிவிடலாம். இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு போடுவது நல்லது. காபி, டீ, பால் கூடவே வேண்டாம். கால்சியம் மாத்திரைக்கு இரண்டு மணி நேரமும் தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரமும் இடைவெளி விடுங்கள். குமட்டலோ மலச்சிக்கலோ வந்தால் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்படிப் போடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்பு கூடுகிறது, வயிற்றுத் தொந்தரவும் குறையலாம். மலம் கறுப்பாகப் போவது சாதாரணம். ஹீமோகுளோபின் சரியானதும் விட்டுவிடாமல் மேலும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். கட்டிக்கு என்ன வைத்தியம் என்று முடிவாகும் முன்பே இதைத் தொடங்கிவிடலாம், தொடங்க வேண்டும்.

ட்ரானெக்ஸாமிக் அமிலம் என்ற மாத்திரை ரத்தப்போக்கைக் குறைக்கும், கட்டியைச் சுருக்காது. உதிரம் தொடங்கிய பிறகுதான் இதைப் போட வேண்டும். வழக்கமாக நாளைக்கு மூன்று வேளை, நான்கைந்து நாளைக்கு மட்டும். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் இது கூடாது. ஹார்மோன் வெளியிடும் காப்பர் இல்லாத கருப்பைச் சாதனமும் நன்றாக வேலை செய்யும். ஆனால் கட்டி உள்ளறையின் வடிவத்தையே மாற்றியிருந்தால் அது நழுவி வெளியே வந்துவிட வாய்ப்பு அதிகம். கட்டியைச் சுருக்கும் ஹார்மோன் ஊசி நிறுத்தியதும் கட்டி பழையபடி வளர்ந்துவிடும். அறுவைக்கு முன் சில மாதம் போட்டு ரத்த அளவை ஏற்றிக்கொள்வதற்கே அது பெரும்பாலும் ஏற்றது. எந்த உணவும் எந்தப் பொடியும் கட்டியைக் கரைப்பதாக நிரூபணம் இல்லை.

உள்ளறைக்குள் இருக்கும் சிறிய கட்டியை வயிற்றைக் கீறாமல் ஹிஸ்டரோஸ்கோப் (பிறப்புறுப்பு வழியாக உள்ளே செலுத்தும் மெல்லிய கேமராக் குழாய்) வழியாகவே எடுத்துவிடலாம். அப்படிப்பட்ட ஒருவருக்கு எடுத்த எடுப்பில் "கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று சொன்னால், வேறொரு டாக்டரிடமும் கேட்பதில் தப்பே இல்லை. ரத்தக்குழாயை அடைத்துக் கட்டியைச் சுருக்கும் எம்போலைசேஷனில் முதல் 24 மணி நேரம் வலி கடுமையாக இருக்கும். குழந்தை வேண்டும் என்பவர்களுக்குப் பொதுவாக அதை முதலில் பரிந்துரைப்பதில்லை. அவர்களுக்குக் கட்டியை மட்டும் எடுக்கும் மயோமெக்டமி ஏற்றது. ஆனால் பின்னால் புதுக் கட்டிகள் வரலாம். சுவரில் ஆழமாக வெட்டினால் பிரசவம் சிசேரியனாக இருக்க வேண்டிவருமா என்பதை அறுவைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பப்பையை எடுப்பதுதான் முடிவு என்றால், சினைப்பைகளை விட்டுவைக்கிறார்களா என்று கேளுங்கள். மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன் அவற்றையும் எடுத்துவிட்டால் உடல் சூடேறி வியர்ப்பதும் எலும்புத் தேய்மானமும் உடனே தொடங்கும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுவதும் ஊறி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே போனாலோ, தலைசுற்றல், படபடப்பு வந்தாலோ, சிறுநீர் கழிக்கவே முடியாமல் அடைத்துக்கொண்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 45 வயதுக்கு மேல் உதிரப்போக்கு அதிகமானால், ஃபைப்ராய்டு இருப்பது தெரிந்திருந்தாலும் கர்ப்பப்பை உள்படலத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு இந்தக் கட்டிகள் பெரும்பாலும் சுருங்கிவிடும். நின்று ஒரு வருடம் ஆன பின் கட்டி வளர்ந்தாலோ, துளி ரத்தம் பட்டாலோ, "பழைய ஃபைப்ராய்டுதான்" என்று விட்டுவிடாமல் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.